கண்ணெட்டாத் துயரம்

கண்ணோட்டம் என்பது தமிழில் ஓர் அழகிய சொல். இக்காலத்தார் அதனை ஒரு பொருளை நோக்கும் முறை என்னும் கருத்தில் வழங்குகின்றனர். பண்டைத் தமிழரோ அதனை இரக்கம் என்னும் பொருளில் வழங்கினர். வள்ளுவரும் அப்பொருள் பற்றியே கண்ணோட்டம் எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கண் ஒருவர்மேற் செல்கின்றது. சென்றவிடத்தில் நெஞ்சு நெகிழ்கின்றது. நெகிழ்ந்த நெஞ்சு கையை நீட்டச் செய்கின்றது. இம்மூன்று செயலையும் ஒரு சொல்லில் அடக்கிய முன்னோரின் அறிவு வியக்கத்தக்கது. ஆயினும், அச்சொல் நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. கண் சென்றவிடத்தில் இரக்கம் பிறக்குமாயின், கண் செல்லாத இடத்தில் யாது நிகழும்?

உலகில் ஆண்டுதோறும் வெள்ளமும் புயலும், நிலநடுக்கமும் பஞ்சமும், தீயும் நோயும் மக்களை வருத்துகின்றன. அவற்றுள் சில உலகமெங்கும் பேசப்படுகின்றன. ஆண்டு பல கழிந்தும் நினைக்கப்படுகின்றன. வேறு சில, அவற்றினும் பெருங்கேடு விளைத்தனவாயினும், நிகழ்ந்த இடத்தாரன்றிப் பிறர் அறியாமலே மறைந்து போகின்றன. பேசப்படும் துன்பத்துக்கு அரிசியும் ஆடையும் மருந்தும் விரைந்து செல்கின்றன. பேசப்படாத துன்பத்துக்கு அவை காலந்தாழ்ந்து செல்கின்றன. சில வேளைகளில் செல்லாமலே ஒழிகின்றன. ஆதலின், எந்தப் பேரிடர் பேசப்படுகின்றது என்பது செய்தியைப் பற்றிய வினா மட்டுமன்று. எவர் பிழைப்பர், எவர் மாள்வர் என்பதைப் பற்றிய வினாவுமாகும். அதன் காரணங்களை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண், ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு தீவிபத்துகளைக் காண்போம். 1871 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் தீப்பற்றியது. அந்நகரம் அக்காலத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். இருப்புப் பாதைகள் பல வந்து கூடும் வாணிகத் தலம். தீ மூன்றாம் நாள் அடங்கியபொழுது 17,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின; ஒரு இலட்சம் மக்கள் வீடிழந்தனர்; ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். அச்செய்தி தந்தி வழியே அமெரிக்கா எங்கும் பரவியது. கடல் கடந்தும் சென்றது. நாற்றிசையினின்றும் பொருளும் உணவும் வந்து குவிந்தன.

அதே நாள், அதே இரவு, சிக்காகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், விஸ்கான்சின் மாநிலத்துப் பெஷ்டிகோ என்னும் சிற்றூரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அது மரம் அறுப்போர் வாழ்ந்த ஊர். வீடுகள் மரத்தாலானவை, தெருக்களில் மரத்தூள் மண்டிக் கிடந்தது. அவ்வாண்டு நெடுநாள் மழையின்றிக் காடு சருகாய் உலர்ந்திருந்தது. காட்டைத் திருத்துவோர் மூட்டிய சிறு தீக்களைப் பெருங்காற்று ஒன்றாக்கி ஊரின்மேல் வீசியது. மக்கள் ஆற்றில் இறங்கி, தலையை நீரில் நனைத்து நனைத்து உயிர் காத்தனர். இறங்க இயலாதார் வழியிலேயே கரிந்தனர். அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் இறந்தோர் 1,200 பேர் முதல் 2,500 பேர் வரை இருக்கலாம் எனக் கணக்கிடுவர். இறந்தவர் பெயர்களைக் கூறுதற்கு உரியவர்களும், பெயர்களைத் தாங்கிய ஏடுகளும் சேர்ந்தே எரிந்தமையால் துல்லியமாக எண்ணவும் இயலவில்லை. அமெரிக்க வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட தீ அதுவே. ஆயினும், சிக்காகோத் தீயை அறிந்தோர் பலர். பெஷ்டிகோவின் பெயரைக் கேட்டோர் சிலர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? பெஷ்டிகோவின் தந்திக் கம்பி தீயில் எரிந்து போயிற்று. துயரத்தைச் சொல்லும் நாவையே துயரம் எரித்துவிட்டது. படகு வழியாகவும் பிற ஊர்கள் வழியாகவும் செய்தி மாநிலத் தலைநகராகிய மாடிசனை அடைதற்கு இரண்டு நாளாயிற்று. அதற்குள் சிக்காகோவின் செய்தி உலகின் செவிகளை நிறைத்துவிட்டது. ஆகவே, செய்தி செல்லும் வழி உண்டா, இல்லையா என்பதே முதற் காரணம் எனலாம்.

இதற்கு இன்னும் ஒரு சான்று காட்டலாம். இந்தோனேசியத் தீவுகளில் 1883 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது. 36,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகள் இடப்பட்டிருந்தமையால், செய்தி விரைவில் ஐரோப்பிய நகரங்களை எட்டியது. உலகம் முழுவதும் அதனைப் பற்றிப் பேசிற்று. அதே தீவுக் கூட்டத்தில், 1815 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கிரக்கட்டோவாவினும் பன்மடங்கு பெரிது. வெடிப்பாலும், அதன் பின் வந்த பசியாலும் நோயாலும் மாண்டோரும் மிகப் பலர். அதன் நுண்துகள்கள் வானில் பரவிக் கதிரவன் வெம்மையைக் குறைத்தமையால், 1816 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை குளிர்ந்து பயிர் கெட்டது. அவ்வாறு பயிரிழந்து பசித்த உழவர்கள்தாமும், தம் துன்பத்துக்கு வித்து எங்கோ ஒரு தீவில் வெடித்த மலை என்பதை அறிந்திலர். அக்காலத்தில் தந்தி இல்லை. இன்றும் கிரக்கட்டோவாவின் பெயரை அறிந்தோர் பலர் தம்போராவின் பெயரை அறியார்.

இரண்டாவது காரணம், துன்பம் வரும் வேகம். எரிமலை ஒரு நொடியில் வெடிக்கின்றது. நிலம் ஒரு நொடியில் நடுங்குகின்றது. 'நேற்று இன்ன நிகழ்ந்தது' என எழுதுதற்கு அவை இடந்தருகின்றன. பஞ்சமோ அவ்வாறு வருவதன்று. முதலில் மழை பொய்க்கின்றது. பின் குளம் வற்றுகின்றது. பின் விதை நெல்லும் உணவாகின்றது. ஏரும் எருதும் விற்கப்படுகின்றன. இறுதியில் மக்கள் ஊரை விட்டு வெளியேறுகின்றனர். இவற்றுள் எந்த நாளைப் 'பஞ்சம் நிகழ்ந்த நாள்' எனச் சுட்டுவது? பசியால் மெலிந்தவன் காய்ச்சலாலோ வாந்திபேதியாலோ இறந்தால், அவன் சாவு நோயின் கணக்கில் சேர்கின்றதேயன்றிப் பசியின் கணக்கில் சேர்வதில்லை. நம் நாட்டார் இன்றும் தாது வருடப் பஞ்சம் என நினைவு கூரும் 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம் இவ்வாறே மெல்ல வந்து, தென்னாட்டில் பல இலட்சம் மக்களைக் கொண்டுபோயிற்று.

இக்கருத்தைக் கணக்கிட்டுக் காட்டியவரும் உளர். சுவீடன் நாட்டைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் இருவர், 1968 முதல் 2002 வரை உலகில் நேர்ந்த ஏறத்தாழ 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் அவை பெற்ற இடத்தை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டு வெளியிட்டனர். எரிமலையால் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தியிடம், உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 39,000 பேர் இறக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஓர் உயிரும் 39,000 உயிரும் ஒரு தட்டில் நிற்கும் தராசு எத்தகைய தராசு என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்க.

மூன்றாவது காரணம், காலம். மேற்கூறிய அறிஞர்கள் மற்றோர் உண்மையும் கண்டனர். ஒலிம்பிக் விளையாட்டு நடைபெறும் நாட்களில் நேரும் பேரிடர்களுக்குச் செய்திகளில் இடம் சுருங்குகின்றது. அதனோடு அமெரிக்க அரசு அளிக்கும் உதவியும் சுருங்குகின்றது. வீடிழந்தவர் செய்த பிழை யாது? விழா நாளில் வீடிழந்ததே அவர் செய்த பிழை. இது புதிய வழக்கமும் அன்று. 1877 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசி என அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நடைபெற்றது. யானைகளும் குதிரைகளும் அணிவகுத்த அந்நாளில், சென்னை மாகாணத்து மக்கள் தாது வருடப் பஞ்சத்தால் பட்டினி கிடந்தனர். கண் ஒன்றே, அது விழாவை நோக்கும்பொழுது பசியை நோக்குதல் அரிதாகின்றது.

நான்காவது காரணம், உறவு. நாம் அறிந்த ஊர், நம்மைப் போன்ற மக்கள், நம்மவர் சென்று வந்த இடம் என்றால் நம் நெஞ்சு எளிதில் உருகுகின்றது. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் இந்தியப் பெருங்கடலில் எழுந்த ஆழிப்பேரலை 2,20,000க்கு மேற்பட்ட மக்களைக் கொன்றது. இந்தோனேசியா, இலங்கை, இந்தியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் கரைகள் பாழாயின. அப்பொழுது தாய்லாந்தின் கடற்கரையில் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள் பலர் இருந்தனர். அவர்களுள்ளும் பலர் மாண்டனர். பிழைத்தவர் சிலர் தம் கருவிகளில் அலையைப் படம் பிடித்தனர். அப்படங்கள் உலகின் வீடுதோறும் சென்றன. உதவியும் முன்னெப்பொழுதும் காணாத அளவில் பெருகியது. பத்துத் திங்கள் கழிவதற்குள், 2005 அக்டோபர் 8 ஆம் நாள், காசுமீரப் பகுதியில் நிலம் நடுங்கியது. 73,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பனிக்காலம் தொடங்கும் வேளையில் மலைமக்கள் இலட்சக்கணக்கானோர் கூரையின்றி நின்றனர். ஆயினும், உதவி அலைக்குப் பெருகியதுபோல் மலைக்குப் பெருகவில்லை. அங்கே படம் பிடிக்கப் பயணிகள் இல்லை, பாதைகள் சரிந்திருந்தன, கொடுப்போரும் அவ்வாண்டில் முன்னரே கொடுத்துக் களைத்திருந்தனர்.

ஐந்தாவது காரணம், கதை. மனித மனம் எண்ணைவிடக் கதையை விரும்பும் இயல்புடையது. சிக்காகோத் தீயைப் பற்றி, ஒரு பெண்ணின் பசு விளக்கை உதைத்தமையால் தீப்பற்றியது என ஒரு கதை கட்டினர். அதற்குச் சான்று இல்லை. 1997 ஆம் ஆண்டு அந்நகர மன்றமே அப்பெண்ணையும் பசுவையும் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆயினும், அக்கதையே அத்தீயை மக்கள் நினைவில் நிறுத்திற்று. 1912 ஆம் ஆண்டு மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். மூழ்காது எனப் புகழப்பட்ட கப்பல், அதன் முதற் பயணம், அதிற் சென்ற பெருஞ்செல்வர் எனக் கதைக்கு வேண்டிய யாவும் அதன்பால் இருந்தன. 1987 ஆம் ஆண்டு திசம்பரில் பிலிப்பைன்சு நாட்டில் டோனா பாஸ் என்னும் பயணக் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்தது. கிறித்துமசுக்காக ஊர் திரும்பிய எளிய மக்கள் 4,000க்கு மேற்பட்டோர் அதில் இறந்தனர். அவர்களுள் பலர் பெயர் பயணிகள் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதவர் வரலாற்றில் எங்ஙனம் இடம்பெறுவர்?

ஆறாவது காரணம் ஏனைய யாவற்றினும் கொடியது. அது மறைத்தல். 1943 ஆம் ஆண்டு வங்காளத்தில் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. அது போர்க்காலம். பஞ்சம் என்னும் சொல்லைப் பயன்படுத்துதற்கும் அன்றைய அரசின் தணிக்கை இடந்தரவில்லை. ஆனால், தணிக்கை விதிகள் எழுத்தைத் தடுத்தனவேயன்றிப் படத்தைத் தடுக்க மறந்திருந்தன. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், தெருவோரங்களில் பசியால் வீழ்ந்து கிடந்தோரின் படங்களை ஆகஸ்டு 22 ஆம் நாள் வெளியிட்டார். அதன் பின்னரே தில்லியும் இலண்டனும் கண் திறந்தன. அதற்குள் எண்ணற்றோர் மாண்டுபோயினர். அப்பஞ்சத்தில் இறந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடுவர். அப்பஞ்சத்தைச் சிறுவனாய்க் கண்ட அமர்த்தியா சென், பின்னாளில் பொருளியல் அறிஞராகி 1998 ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். மக்களாட்சியும், அச்சமின்றி எழுதும் செய்தித்தாளும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் தோன்றுவதில்லை என்பது அவர் நிறுவிய கருத்து. செய்தி பரவினால் ஆள்வோர் செயற்பட்டே தீர வேண்டும் என்பதே அதன் காரணம்.

இவ்வளவும் கேட்ட ஒருவர், 'சிக்காகோவுக்கு உதவியவர் பிழை செய்தனரா? ஆழிப்பேரலைக்கு இரங்கியது தவறா?' என வினவலாம். அன்று. துன்பம் கண்டு இரங்குதல் எஞ்ஞான்றும் அறமே. ஓரிடத்துப் பெய்த மழையைப் பழிப்பார் இலர். மற்றோரிடத்தில் ஏன் பெய்யவில்லை என்பதே நம் வினா. இரக்கத்தைக் குறைத்தல் நம் நோக்கமன்று; அது தானே செல்லாத இடத்துக்கு அறிவால் அதனைக் கொண்டு செல்லுதலே நோக்கம்.

இதனை நான் நூல்களால் மட்டும் கற்றேனல்லேன். ஆழிப்பேரலை வந்த காலத்தில் நான் கடற்கரைக்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்தேன். 2005 சனவரியில் பள்ளி திறந்தவுடன், ஒருவரும் ஏவாமலே மாணவர்கள் படி அரிசியும் பழைய ஆடையும் சில்லறைக் காசும் கொண்டுவந்து குவித்தனர். மதிய உணவுக்கு வழியில்லாத சிறுவனும் ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்தான். அன்று என் நெஞ்சு பெருமிதத்தால் விம்மியது.

பல்லாண்டு கழித்து, 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. அடுத்த சில திங்களில் என் வகுப்பில் மூன்று மாணவர்களின் இடம் வெறுமையாயிற்று. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே, வரவில்லை என நாள்தோறும் என் கையாலேயே குறியிட்டேன். ஏன் வரவில்லை என ஒரு நாளும் வினவினேனல்லேன். ஒரு நாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, "ஐயா, அவர்கள் வீட்டில் எல்லாரும் செங்கற்சூளை வேலைக்குச் சென்றுவிட்டார்கள். இனி எப்பொழுது வருவார்கள்?" என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. கடலலைக்கு அரிசி குவிந்த அதே பள்ளியில், தம் வகுப்புத் தோழர் வீட்டு அடுப்பு அணைந்ததற்கு ஒரு படி அரிசியும் சேரவில்லை. அவ்வாண்டு நான் நடத்திய பாடங்களுள் கண்ணோட்டம் என்னும் அதிகாரமும் ஒன்று. அருகிலிருந்தும் கண்ணெட்டாத துயரம் உண்டு என்பதை அன்று உணர்ந்தேன்.

இனி, செய்தியாகாத மற்றொன்றும் உண்டு. அது தடுக்கப்பட்ட துன்பம். 1999 ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் புயற் காப்பிடங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை ஊர்தோறும் செல்ல வழி செய்யப்பட்டது. 2013 ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் வந்தபொழுது, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளில் அடங்கியது. பத்தாயிரவர் மாண்ட செய்தி உலகெங்கும் சென்றது. பல்லாயிரவர் பிழைத்த செய்தி அவ்வளவு தொலைவு செல்லவில்லை. அழிவைக் காண்பது எளிது; அழியாமற் காத்ததைக் காண்பது அரிது. கரையைக் காத்தவனை வெள்ளம் வாராத ஊர் நினைப்பதில்லை.

ஆகவே, மாணவர்களே, ஒரு பேரிடரைப் பற்றிப் படிக்கும்பொழுது சில வினாக்களை உங்களுக்குள் எழுப்பிக்கொள்ளுங்கள். இதே நாளில் வேறு எங்கேனும் மக்கள் துன்புறுகின்றனரா? அவர்கள் செய்தி வர வழியுண்டா? மெல்ல வளரும் துன்பம் எதனையேனும் நாம் காணத் தவறினோமா? இன்று பேசப்படும் இவ்வூரை ஆறு திங்கள் கழித்து எவர் நினைப்பர்? இவ்வினாக்கள் பெரியோருக்கே உரியன என எண்ண வேண்டா. என் வகுப்பில் அவ்வினாவை எழுப்பியவன் ஒரு மாணவனே.

பெஷ்டிகோவின் செய்தி மாடிசன் நகரை அடைந்ததைப் பற்றி முன்னர்க் கூறினேன். அச்செய்தி வந்தபொழுது ஆளுநரும் அதிகாரிகளும் அங்கே இலர்; சிக்காகோ மக்களுக்கு உதவச் சென்றிருந்தனர். செய்தியைப் பெற்றவர் ஆளுநரின் மனைவியாராகிய பிரான்சிஸ் பேர்சைல்டு அம்மையார். அவருக்குப் பதவி இல்லை. ஆணையிடும் அதிகாரமும் இல்லை. சிக்காகோவுக்குச் செல்லுதற்கென உணவும் உடையும் ஏற்றப்பட்ட ஒரு புகைவண்டிப் பெட்டி அப்பொழுது புறப்படும் நிலையில் இருந்தது. அம்மையார் அதனை நிறுத்தி, வடக்கே பெஷ்டிகோப் பகுதிக்குத் திருப்பச் செய்தார். ஏற்றிய பொருள்களுள் கம்பளிகள் இல்லை எனக் கண்டு, நகரத்துப் பெண்டிரிடம் கம்பளிகள் திரட்டி அதில் ஏற்றினார். உலகம் முழுவதும் ஒரு திசையை நோக்கிய வேளையில் மறு திசையையும் நோக்கினார் ஒருவர். அவர் திருப்பிய அந்தப் பெட்டியிற் சென்ற கம்பளி, ஆற்றில் நனைந்து குளிரில் நடுங்கியவர்களைப் போர்த்தியது. கண்ணோட்டம் என முன்னோர் உரைத்தது இதுவே அன்றோ?